வெண்பீங்கான் படையற்கலங்கள் (சீனா)

சீனப் பேரரசர்கள் தெய்வங்களுக்கும் மூதாதையருக்கும் படையலிடப் பயன்படுத்திய, வெண்மெருகு பூசிய பீங்கான் தட்டு, கிண்ணம், கெண்டி முதலியன.

படையலுக்கு உரியது வெண்கலமே என்பது சீனரின் தொல்மரபு. ஆயினும் ஷாங் அரசர்களின் தலைநகரான ஆன்யாங்கிலேயே வெண்கலப் பாத்திரங்களின் வடிவும் செதுக்குவேலையும் கொண்ட வெள்ளை மட்கலங்கள் கிடைத்துள்ளன. அவற்றில் மெருகு இல்லை. மெருகிட்ட வெண்பீங்கான் அரச வழிபாட்டில் உறுதியாக இடம்பெற்றது மங்கோலியர் ஆட்சியில்தான். வெள்ளை அவர்களுக்கு மங்கல நிறம். 1278இல் பீங்கான் நகரான ஜிங்தேஜென்னின் சூளைகளுக்கென அரசு அலுவலகம் ஏற்பட்டது. முட்டையோட்டு வெண்மை கொண்ட தட்டுகள் சிலவற்றில் காணப்படும் ‘தாய்ஷி’ என்னும் எழுத்துகள், பேரரசரின் முன்னோர் வழிபாட்டைக் கவனிக்க 1328இல் அமைந்த துறையைக் குறிப்பன.

மிங் வமிசத்தின் முதல் பேரரசர் ஹோங்வூ, படையற்கலங்கள் அனைத்தும் பீங்கானாகவே இருக்கட்டும் என்று 1369இல் ஆணையிட்டார். வெண்கலக் காலத்துப் பெயர்கள் நிலைத்தன. அப்பெயர்களைத் தாங்கியவை சாதாரணத் தட்டுகளும் கிண்ணங்களுமே.

இக்கலையின் உச்சம் யோங்லே ஆட்சி (1403–1424). வெண்மையை நிறமற்ற எளிமை என்று கொள்வது தவறு. சூளையில் அதைவிட அரிதானது குறைவு. மண்ணிலும் மெருகிலும் இரும்பு சற்றே மிகுந்தாலும் சாயல் மாறிவிடும். ஜிங்தேஜென் குயவர்கள் தேர்ந்த மண்ணை எடுத்து, மெருகில் சாம்பலை வெகுவாகக் குறைத்து, மென்மையான பால்வெண்மையைக் கொணர்ந்தனர். பின்னாளில் அது ‘இனிப்பு வெண்மை’ எனப் பெயர் பெற்றது. மெருகுக்கு அடியில் கீறிய பூவேலை, கலத்தை ஒளிக்கு எதிரே பிடித்தால்தான் புலப்படும். 1406இல் காணிக்கையாக வந்த பச்சைக்கல் (ஜேட்) கிண்ணங்களை மறுத்த யோங்லே, தாம் நாள்தோறும் கையாளும் பீங்கானே தமக்குப் போதும் என்றார். மறுஆண்டு, மறைந்த தம் பெற்றோருக்காகச் சடங்கு செய்யத் திபெத்திய பௌத்தத் தலைவர் கர்மபாவை நான்ஜிங்குக்கு வரவழைத்தார். துறவியின் தொப்பி போன்ற வாயுடைய வெண்கெண்டிகள் இத்திபெத்தியத் தொடர்பைக் காட்டுவன. பெற்றோர் நினைவாக 1412இல் அவர் தொடங்கிய கோபுரத்துக்கும் வெண்பீங்கான் செங்கல்லே போர்த்தப்பட்டது. தைப்பிங் கிளர்ச்சியில், 1856இல், அது அழிந்தது. சீனாவில் வெள்ளை துக்கத்தின் நிறமும் ஆகும் என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

1530இல் ஜியாஜிங் பேரரசர் வழிபாட்டுப் பீடங்களைத் தனித்தனியே பிரித்து, அவற்றின் கலங்களுக்கு நிறங்களையும் வகுத்தார்: வானத்துக்கு நீலம், நிலத்துக்கு மஞ்சள், ஞாயிற்றுக்குச் சிவப்பு, திங்களுக்கு வெள்ளை. 1748இல் சிங் பேரரசர் சியான்லோங், பழைய வெண்கல வடிவங்களையே பீங்கானில் வார்க்கச் செய்தார். அப்போது திங்கள் பீடத்துக்கு வந்த கலங்களின் நிறம் ‘நிலா வெண்மை’ எனப்பட்டது. கண்ணுக்கு அது வெளிர்நீலம்.