கோடை ஆசிரமமும் துப்புரவாளரின் விடுப்பு நாளும்

தில்லிச் சமவெளி வெயிலில் வேகும் மாதங்களில் மலையேறுவது காலனியக் கால வழக்கம்; மெதடிஸ்ட் மிஷனரிகளும் அதற்கு விலக்கல்லர். அவர்களுள் ஒருவரான இ. ஸ்டான்லி ஜோன்ஸ், 1930இல் குமாவுன் மலையின் சாத்தாலில் தொடங்கிய ஆசிரமம் அந்தக் கோடை ஓய்வை வேறு திசைக்குத் திருப்பியது. இந்தியரும் மேலைநாட்டாரும் சேர்ந்து உண்டு உறைந்தனர். பட்டங்கள் நீங்கி, 'சகோதரர்', 'சகோதரி' என்னும் விளிகளே எஞ்சின. (1921இல் தோன்றிய திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தில் சவரிராயன் ஏசுதாசன் 'பெரியண்ணன்', ஸ்காட்லாந்தின் பேட்டன் 'சின்னண்ணன்', தமிழ் உறவுமுறை இன்னும் ஆழமாகவே வேலை செய்திருக்கிறது.)

விளியை மாற்றுவது எளிது, துடைப்பத்தை ஏந்துவது அரிது. சாத்தாலில் வாரம் ஒருநாள் துப்புரவாளருக்கு விடுப்பு. அன்று கழிப்பறைகளை ஆசிரமத்தாரே கழுவினர். எஞ்சிய ஆறு நாள்களும் அது அவர் வேலையே. பிராமணராய்ப் பிறந்து கிறிஸ்தவரான ஒருவர், தம் மனமாற்றம் அவ்வளவு தொலைவு எட்டவில்லை என்று அதிலிருந்து ஒதுங்கியதை ஜோன்ஸே சொல்லியிருக்கிறார்.