அஸ்தினாபுரம்: ஒரு பெயரும் ஐந்து குடியிருப்புகளும்

உத்தரப் பிரதேசத்தின் மீரட் மாவட்டத்தில், கங்கையின் பழைய தடத்தை ஒட்டி அஸ்தினாபுர மண்மேடு அமைந்துள்ளது. 1950 முதல் 1952 வரை பி.பி. லால் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை இங்கு நடத்திய அகழாய்வில் ஐந்து குடியிருப்புக் காலங்கள் இனங்காணப்பட்டன. அவை தொடர்ச்சியானவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் இடையே மக்கள் வாழாத காலம் ஒன்று உண்டு.

அடிமட்டத்தில் கிடைத்தவை காவி நிற மட்கலச் சில்லுகள் சில மட்டுமே. இரண்டாம் காலத்தில் கருநிறக் கோடுகள் தீட்டிய சாம்பல் நிற மட்கலங்கள், மண்சுவர்கள், நெல், குதிரை எலும்புகள், மேல்மட்டத்தில் இரும்புக் கசடு ஆகியவை காணப்படுகின்றன. இக்குடியிருப்பின் கணிசமான பகுதியைக் கங்கை வெள்ளம் அரித்துச் சென்றது. மூன்றாம் காலம் சுட்ட செங்கல்லும் உறைகிணறும் முத்திரைக் காசும் கண்ட நகர வாழ்வு, அது தீக்கிரையானது. நான்காம் காலம் கி.பி. 3ஆம் நூற்றாண்டோடு முடிந்தது. பின்னர் நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்த மேட்டில், 11ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் மீண்டும் குடியேற்றம் நிகழ்ந்தது.

விவாதம் இரண்டாம் காலத்தைப் பற்றியது. கங்கை அஸ்தினாபுரத்தை அழித்தபின் நிசக்ஷு என்னும் அரசன் தலைநகரைக் கௌசாம்பிக்கு மாற்றினான் என்பது புராண மரபு. அகழாய்வில் கண்ட வெள்ளத்தை இம்மரபோடு இணைத்த லால், சாம்பல் நிற மட்கலப் பண்பாட்டை மகாபாரதக் காலத்தோடு பொருத்தினார். இதிகாசத்தோடு தொடர்புடைய வேறு பல ஊர்களிலும் இதே மட்கலம் கிடைத்தது அவருக்கு வலுச்சேர்த்தது.

ஆயினும், வண்டல் படிவு வெள்ளம் வந்ததைச் சொல்லுமே தவிர, வெளியேறிய அரசனின் பெயரைச் சொல்லாது. எழுத்துப் பொறிக்காத மட்கலம் அதை வனைந்தவரின் மொழியையும் சொல்லாது. மண்சுவர் வீடுகளுக்கும் இதிகாசம் வருணிக்கும் மாட மாளிகைகளுக்கும் உள்ள தொலைவும் சிறிதன்று.

அதனினும் அடிப்படையான சிக்கல் ஒன்றுண்டு. மகாபாரதமே பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்து வளர்ந்த நூல். அதுவும் பல அடுக்குகள் கொண்ட ஒரு மேடுதான். மண்ணின் ஓர் அடுக்கை நூலோடு பொருத்த முனைபவர், நூலின் எந்த அடுக்கோடு என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

இம்மேட்டின் மதிப்பு இதிகாசத்தை மெய்ப்பிப்பதில் இல்லை. வெள்ளத்தாலும் தீயாலும் அழிந்த இடத்திற்கு மனிதர் ஏன் மீண்டும் மீண்டும் திரும்பினர் என்னும் கேள்வி, பாண்டவரைத் தேடும் அவசரத்தில் பின்தள்ளப்பட்டுவிட்டது. அஸ்தினாபுரம் முதலில் கேட்கும் கேள்வி அதுவே.