கமராப் பெட்டியில் இடம்பெறாதவை

வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்தக் கமராவை, எத்தனை வில்லைகளை எடுத்துச் செல்வது என்ற கேள்வி இன்று பெரும்பாலும் விமானப் பொதியின் நிறையோடு முடிந்துவிடுகிறது. கைப்பொதிக்கு 7 கிலோ என்றால் பெரிய வில்லை வீட்டில் நின்றுவிடும். நான் பத்திரிகைத் துறைக்கு வந்த காலத்தில் கணக்கு வேறாக இருந்தது. ஒரு பிலிம் சுருளில் 36 படங்கள். கையில் எத்தனை சுருள் என்பதே படப்பிடிப்பாளரின் முதற் கவலை. ஆயினும் இதை வெறும் சுமைக் கணக்காக என்னால் பார்க்க முடியவில்லை. பின்னாளில் உலகம் எதைக் காணும், எதைக் காணாது என்பது பெட்டியைப் பூட்டும் வேளையிலேயே பெருமளவு முடிவாகிவிடுகிறது. வரலாற்றில் இதற்குச் சான்றுகள் உண்டு.

1855 இல் கிரிமியப் போர்க்களத்துக்குச் சென்ற ஆங்கிலேயரான றோஜர் பென்ரன், ஐந்து கமராக்களையும் 700 கண்ணாடித் தகடுகளையும் கொண்டு சென்றார். மொத்தம் 36 பெட்டிகள். அவற்றோடு, வைன் வணிகர் ஒருவருக்குச் சொந்தமாயிருந்த குதிரை வண்டியொன்றையும் இருட்டறையாக மாற்றிக் கப்பலேற்றினார். அன்றைய ஈரக் கொலோடியன் முறையில், தகட்டில் பூசிய இரசாயனம் காயுமுன் படம்பிடித்து, காயுமுன்பே அதை உருத்துலக்கியும் ஆகவேண்டும். எனவே இருட்டறை போகாத இடத்துக்குக் கமராவும் போகாது. கோடை வெப்பத்தில் பூசும்போதே தகடு காய்ந்தது. வெளிர் நிற வண்டியோ ரஷ்யப் பீரங்கிகளுக்கு நல்ல குறியாயிற்று.

அவர் கொண்டுவந்த 350க்கும் மேற்பட்ட படங்களில் அதிகாரிகள் இருக்கிறார்கள், கூடாரங்கள் இருக்கின்றன, பீரங்கிக் குண்டுகள் சிதறிய வெறும் பள்ளத்தாக்கு இருக்கிறது. சண்டை இல்லை, பிணங்கள் இல்லை. அரச குடும்பத்தின் ஆதரவோடும் ஒரு வெளியீட்டாளரின் பணத்தோடும் சென்றவர் பிணங்களைத் தவிர்த்ததில் வியப்பில்லை. ஆனால் அவர் விரும்பியிருந்தாலும், பல விநாடிகள் திறந்திருக்க வேண்டிய அந்தக் கமரா ஓடும் குதிரையைப் பிடித்திராது.

எங்கள் நாட்டுக்கும் அதே ஈரத் தகடுகளோடு ஒருவர் வந்தார். கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவைப் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்தக் கமரனைத் தெரிந்திருக்கும். அவருடைய மனைவி ஜூலியா மார்கிரற் கமரன் இங்கிலாந்தில் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். 1875 இல் இருவரும் இலங்கைக்குக் குடிபெயர்ந்தபோது ஒரு பசுவையும் தங்கள் சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள். கமராவும் வந்தது. தூய நீரும் இரசாயனங்களும் எளிதிற் கிடைக்காத இடத்தில் அவரால் அதிகம் படம்பிடிக்க முடியவில்லை. இங்கு அவர் எடுத்தவற்றில் எஞ்சியவை 30க்கும் குறைவு. களுத்துறைக் கிராமத்தவரும் தோட்டத் தொழிலாளரும் அவற்றில் நம்மைப் பார்க்கிறார்கள். பெரும்பாலானோரின் பெயர்கள் குறிக்கப்படவில்லை. 1879 இல் அவர் காலமானார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

இவர்கள் புறப்படுமுன் தெரிவு செய்தவர்கள். பயணத்தின் நடுவில் தெரிவு செய்ய நேர்ந்த ஒருவரின் கதைதான் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

அவுஸ்திரேலியரான பிராங் ஹேர்லி, ஏர்னஸ்ட் ஷக்கிள்டனின் அந்தாட்டிக்கா பயணத்துக்குக் கண்ணாடித் தகட்டுக் கமராக்களோடும் சினிமாக் கமராவோடும் போனவர். அவர்களது 'என்டியூரன்ஸ்' கப்பல் 1915 ஜனவரியில் வெடெல் கடற் பனியில் சிக்கியது. அக்டோபர் 27 இல் கைவிடப்பட்டது. தகரப் பெட்டிகளில் அடைத்துப் பற்றவைத்த நெகற்றிவ்கள் கப்பலுக்குள் நீரில் மூழ்கிக் கிடந்தன. ஹேர்லி ஆடைகளைக் களைந்து அந்தப் பனிநீரில் இறங்கி அவற்றை மீட்டார். இனிப் பனிமீது சறுக்குவண்டிகளை இழுத்துச் செல்லவேண்டும், அதன்பின் சிறு படகுகள். சொந்தப் பொருட்கள் ஆளுக்கு 2 இறாத்தல் மட்டுமே என்று ஷக்கிள்டன் கட்டளையிட்டிருந்தார்.

நவம்பர் 9 அன்று இருவரும் பனிமீது அமர்ந்து தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஏறத்தாழ 120 தகடுகள் மீண்டும் பெட்டிக்குள் சென்றன. ஏறத்தாழ 400 தகடுகள் அந்த இடத்திலேயே உடைக்கப்பட்டன. விட்டுச் சென்றால் மனம் மாறித் திரும்பி வந்து எடுக்கத் தோன்றும் என்பதாலேயே உடைத்தார்கள். பத்திரிகை ஆசிரியபீடங்களில் எத்தனையோ படங்கள் கழிக்கப்படுவதைக் கண்டிருக்கிறேன். எடுத்தவனே தன் கையால் உடைப்பதைக் கற்பனை செய்யவும் மனம் ஒப்பவில்லை.

பெரிய கமராக்களும் கைவிடப்பட்டன. சட்டைப் பைக்குள் அடங்கும் சிறிய கொடக் கமரா ஒன்றும் மூன்று பிலிம் சுருள்களும் மட்டும் மிஞ்சின. எலிபன்ட் தீவை 1916 ஏப்ரலில் அடைந்ததும், ஷக்கிள்டன் ஐவரோடு படகில் உதவி தேடிப் புறப்பட்டதும், எஞ்சிய 22 பேரும் ஓகஸ்ட் 30 வரை காத்திருந்ததும் அந்த மூன்று சுருள்களுக்குள் அடங்கவேண்டியிருந்தது.

ஏப்ரல் 24 அன்று படகை வழியனுப்பிய காட்சியை ஹேர்லி படமெடுத்தார். கரையில் நின்றவர்கள் கையசைக்கிறார்கள். அதே படம் பின்னர் திருத்தப்பட்டு, ஓகஸ்டில் நிகழ்ந்த மீட்பின் காட்சியாக வெளியிடப்பட்டது. ஹேர்லியின் நாடக மோகமே இதற்குக் காரணம் என்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது: 1917 இல் அவுஸ்திரேலியப் படையின் உத்தியோகபூர்வ படப்பிடிப்பாளரான பின்னரும் பல நெகற்றிவ்களை இணைத்துப் போர்க் காட்சிகளை உருவாக்கி, சாள்ஸ் பீனின் கண்டனத்துக்கு ஆளானவர் அவர். எனினும், மூன்று சுருள்களோடு பத்து மாதங்களைக் கழித்தவனை நான் சற்றுப் பரிவோடுதான் பார்க்கிறேன். திருத்தப்பட்ட படத்தை மீட்பின் சான்றாக ஏற்க மாட்டேன்; அது வேறு விடயம்.

பயணத்தைப் பற்றிய திரைப்படத்துக்கு விலங்குக் காட்சிகள் போதவில்லை. அதற்காகவே 1917 இல் அவர் மறுபடியும் தென் ஜோர்ஜியாத் தீவுக்குக் கமராவோடு போய்வந்தார்.

2022 மார்ச்சில் 'என்டியூரன்ஸ்' கப்பலை 3,008 மீற்றர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். பின்புறத்தில் அதன் பெயர் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்த 400 தகடுகள் கப்பலில் இல்லை. அவை பனிமீது உடைந்தவை. பனி நகர்ந்து, உருகி, எங்கே விட்டதோ அங்கே கிடக்கும்.