மாதிரி மகிழுந்துகள்: ஆலை வண்ணமும் மறுபூச்சும்

பிளாஸ்டிக் மாதிரி மகிழுந்து கிட்டில் ஆலையிலேயே வண்ணம் பூசப்பட்ட பாகங்களுக்கு வேறு வண்ணம் பூசுவதே மறுபூச்சு. ஆலை வண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1948இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஏஎம்டி நிறுவனம், தன் முதல் மாதிரியை அலுமினியத்தில் வார்த்து, ஃபோர்டு வண்டிகளுக்குரிய அசல் வண்ணத்தையே பூசியது. விரைவில் பிளாஸ்டிக் வந்தது. இம்மாதிரிகள் விற்பனை நிலையங்களுக்கான விளம்பரப் பொருள்களாக இருந்தன. புதிய வண்டியின் உருவத்தையும் நிறத்தையும் வாடிக்கையாளர் கையிலேயே வைத்துக் காட்டின.

1958இல் மூவகையாகக் கட்டக்கூடிய கிட்டுகள் வெளிவந்தன. ஒரே கிட்டை அசல் வடிவிலோ அலங்கார வடிவிலோ பந்தய வடிவிலோ கட்டலாம். வண்ணத் தேர்வு கட்டுபவரின் கைக்கு வந்தது. பிற்காலத்தில் வண்ணம் பூசிய பாகங்களுடனும் கிட்டுகள் விற்கப்பட்டன.

பழைய பூச்சின் மேல் தடித்த புதுப்பூச்சு ஏறினால் கதவுக் கோடுகள் மறைந்துவிடும். எனவே பழையதை நீக்குவதோ மென்மையாகத் தேய்ப்பதோ நல்லது. பல பூச்சுகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இளக்கும்; அசிட்டோன் பாலிஸ்டைரீனையே கரைத்துவிடும். குரோம் போல மின்னும் பாகங்களில் இருப்பது மெல்லிய அலுமினியப் படலம்; அதைச் சலவை வெளுப்பான் நீக்கும். எதையும் முதலில் பாகத்தின் உட்புறத்தில் சோதிக்க வேண்டும்.

பழைய விளம்பர மாதிரியின் வண்ணம், அந்த ஆண்டில் அந்த வண்டி எந்த நிறத்தில் விற்றது என்பதற்கான சான்று. சுரண்டிய பின் அது திரும்பாது. மறுபூச்சுக்குப் புதிய கிட்டே பொருத்தம்.