சொந்தக் குரல், சொந்த வெளியீடு: எம்.ஐ.ஏ.யின் மீள்வருகையும் மட்டக்களப்புக்கு ஒரு பாடமும்

2023 கிறிஸ்மஸ் நாளில் ‘பெல்ஸ் கலெக்ஷன்’ என்ற பாடல் தொகுப்பு இணையத்தில் இலவசமாக வெளியானது. அதை வெளியிட்டவர் எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த ஈழத்தமிழ் ராப் பாடகி மாதங்கி மாயா அருள்பிரகாசம். அதற்கு முந்தைய ஆண்டு, 2022 ஒக்டோபரில், ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பின் அவருடைய ‘மாதா’ அல்பம் ஐலண்ட் ரெக்கோர்ட்ஸ் நிறுவனத்தின் ஊடாக வந்திருந்தது. பெருநிறுவனத்தோடு திரும்பி வந்தவர், அடுத்ததை ஏன் இலவசமாகக் கொடுத்தார்? இசைத்துறையில் ‘சுயாதீன வெளியீடு’ எனப்படுவது என்ன? வாவிக்கரையில் கைத்தொலைபேசியில் ராப் பதிவு செய்யும் நம் பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்விகள் உரியவை.

மாயா 1975 இல் லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தார். தந்தை அருளர், ஈரோஸ் இயக்கத்தின் ஆரம்பகர்த்தாக்களில் ஒருவர். 1986 இல் தாய் கலா பிள்ளைகளோடு அகதியாக லண்டன் திரும்பினார். முதல் அல்பத்துக்கு மாயா வைத்த பெயர் ‘அருளர்’ (2005). இரண்டாவதற்கு ‘கலா’ (2007). 2009 பெப்ரவரியில் அவர் நிறைமாதக் கர்ப்பிணியாக கிராமி மேடையில் பாடியபோது, வன்னியில் போர் கடைசிக் கட்டத்தில் இருந்தது. மேற்குலகின் பிரபல்யமான பாடகர்களில் அன்று அதைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் அவரும் ஒருவர்.

நிறுவனங்களோடு அவருக்கு இழுபறி பல முறை வந்தது. 2010 டிசம்பர் 31 இல் ‘விக்கிலீக்ஸ்’ என்ற சொல்லைத் திருப்பிப்போட்ட தலைப்போடு ஒரு மிக்ஸ்டேப்பை இலவசமாக விட்டார். மிக்ஸ்டேப் என்பது முறையான அல்பமாக அல்லாமல் கலைஞர் தானே தொகுத்து வெளியிடும் பாடல் வரிசை. அதில் சிறிய வடிவில் இருந்த ‘பேட் கேர்ள்ஸ்’ பின்னர் முழுப்பாடலாகி அவருடைய பெரிய வெற்றிகளில் ஒன்றானது. 2013 இல் ‘மாதங்கி’ அல்பத்தை நிறுவனம் தள்ளிப்போட்டுக்கொண்டே போனது. இனியும் தாமதித்தால் தானே கசியவிடுவதாக அவர் பகிரங்கமாக எச்சரித்த பிறகுதான் வெளியீட்டுத் திகதி உறுதியானது. பாடியவர் அவர், எப்போது வெளிவரும் என்று தீர்மானித்தது வேறு கை.

இதை விளங்கிக்கொள்ள நம் கூத்தைப் பார்த்தால் போதும். வடமோடியோ தென்மோடியோ, கூத்துக் கொப்பி அண்ணாவியாரிடம் இருக்கும். வட்டக்களரியில் ஆடுபவர் எத்தனை பேராக இருந்தாலும், கொப்பி இல்லாமல் கூத்துப் பழக்க முடியாது. ஒலிப்பதிவில் அந்தக் கொப்பிக்கு ஒப்பானது ‘மாஸ்டர்’ எனப்படும் மூலப்பதிவு. ஒரு பாடலில் இரண்டு உரிமைகள் உள்ளன. ஒன்று, வரிகளையும் மெட்டையும் ஆக்கியவருக்குரியது. மற்றது, மூலப்பதிவுக்குரியது. பதிவுச் செலவை ஏற்கும் நிறுவனம் பெரும்பாலும் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறது. சுயாதீன வெளியீடு என்றால் அந்த இரண்டாவதும் கலைஞரின் கையிலேயே இருப்பது.

தமிழில் இதற்கு அண்மைய உதாரணம் ‘எஞ்சாய் எஞ்சாமி’. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவோடு அறிவு அதை எழுதினார். 2021 மார்ச்சில் மாஜா நிறுவனம் வெளியிட்டது. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, அந்தப் பாடலால் தங்களுக்கு எந்த வருமானமும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். நிறுவனம் அதை ஏற்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்பது வேறு கதை. ஒரு பாட்டியின் வாழ்க்கை பாடலாகி உலகம் சுற்றியது. அதன் கணக்கு மட்டும் குடும்பத்துக்குத் தெரியாத இடத்தில் இருந்தது.

நம் பகுதியில் இது பணத்தோடு முடிகிற விடயம் அல்ல. 2007 இல் படுவான்கரையில் இருந்து வாவியைக் கடந்து இடம்பெயர்ந்தபோது, எங்கள் வீட்டிலிருந்து அடையாள அட்டைகளும் உடுப்புப் பையும் வந்தன. அம்மம்மா தாலாட்டுப் பாடிய ஒரேயொரு கசெட் வரவில்லை. அதற்குப் பிரதி இருக்கவில்லை. இப்படி ஒரு கசெட், ஒரு கொப்பி, ஒரு படம் இழக்காத வீடு இங்கே குறைவு. ஒரு குரலின் மூலப்பதிவு எங்கே, யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியின் கனம் நமக்குத் தெரியும்.

மாயாவின் வழியை அப்படியே பின்பற்ற முடியும் என்று சொல்ல வரவில்லை. பெருநிறுவனங்கள் தந்த பெயர் இருந்ததால்தான் இலவசமாக விட்ட பாடல்களையும் உலகம் தேடிக் கேட்டது. கொரோனாத் தடுப்பூசி பற்றி அவர் சொன்னவை கடுமையான விமர்சனத்துக்கும் உள்ளாகின. அவர் பாடிய ஈழத்தில் கிழக்கின் கதைகள் குறைவு. அவற்றை இங்கிருப்பவர்கள்தான் பாட வேண்டும்.

அப்படிப் பாடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

முதலாவது, பீற். யூடியூப்பில் ‘இலவசம்’ என்று கிடைக்கும் பீற்றுகள் பல, வருமானம் பெறாத பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். அனுமதியை எழுத்தில் பெறாமல் பாடலை விற்பனைக்கு விட வேண்டாம்.

இரண்டாவது, விநியோகம். டிஸ்ட்ரோகிட், சிடி பேபி போன்ற சேவைகள் கட்டணம் பெற்றுப் பாடலை ஸ்பொட்டிஃபை முதலிய தளங்களில் சேர்க்கின்றன. மூலப்பதிவின் உரிமையை அவை கேட்பதில்லை. ஆனால் ஆண்டுக் கட்டண முறையில், கட்டணம் நின்றால் பாடல் அகற்றப்படலாம். பேண்ட்காம்ப்பில் கேட்பவருக்கே நேரடியாக விற்கலாம்.

மூன்றாவது, சட்டம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி, ஆக்கியவரின் பதிப்புரிமை அவர் வாழ்நாள் முழுவதும், மறைவுக்குப் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. ஆக்கும்போதே அது உண்டு. கைவிட்டுப் போவது பெரும்பாலும் வாசிக்காமல் வைக்கும் கையெழுத்தால்தான். பாடியவர், எழுதியவர், பீற் போட்டவர் ஆகியோருக்கு எவ்வளவு பங்கு என்பதை நண்பர்களுக்குள்ளேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

நான்காவது, பிரதி. மூலப்பதிவை இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒன்று உங்கள் வீட்டில். மற்றது இந்த ஊருக்கு வெளியே, நம்பிக்கையான ஒரு சொந்தக்காரரிடமாவது இருக்கட்டும். ஏன் என்று நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.