ஆர்.கே.லக்ஷ்மணும் வாயே திறக்காத மனிதரும்

ஆர்.கே.லக்ஷ்மண் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்களுக்குக்கூட அவர் வரைந்த ஒரு பையனைத் தெரியும். முடி நெற்றியில் விழ, கையில் பிரஷும் டப்பாவுமாக நிற்பானே, ஏஷியன் பெயின்ட்ஸ் 'கட்டு', அவன்தான்! 1954-ல் பிறந்தவன். போடி மாதிரி ஊர்களில் ஆங்கிலப் பேப்பர் பக்கமே போகாதவர்களுக்கும் லக்ஷ்மணின் கோடு இப்படித்தான் அறிமுகம்.

ஆனால் அவரது பெரிய படைப்பு வேறு. கட்டம் போட்ட கோட்டு, வேட்டி, மூக்குக் கண்ணாடி, வழுக்கையைச் சுற்றிக் கொஞ்சம் முடி. 1951-ல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் தொடங்கிய 'யூ செட் இட்' கார்ட்டூனின் ஓரத்தில் நின்ற 'காமன் மேன்'. ஆரம்பத்தில் வங்காளி, தமிழர், பஞ்சாபி என்று ஒரு கூட்டத்தையே வரைந்து பார்த்தார் லக்ஷ்மண். தினமும் அச்சுக்குப் போகும் அவசரத்தில் அத்தனை பேரை வரைய நேரமில்லை. ஒவ்வொருவராகக் கழன்றுபோக, கடைசியில் மிஞ்சிய ஆள் இவர்.

அரை நூற்றாண்டாக இவர் பேசவே இல்லை. (வீட்டம்மா நன்றாகவே பேசுவார்!) மந்திரி வாக்குறுதி கொடுப்பார், அதிகாரி மழுப்புவார், இவர் பார்த்துக்கொண்டிருப்பார். பேசியிருந்தால் எந்த மொழி, எந்தக் கட்சி என்று கேள்வி வந்திருக்கும். பேசாததால்தான் எல்லா ஊர்க்காரர்களும் இவரைத் தங்கள் ஆளாக நினைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே மௌனத்தால் யார் வேண்டுமானாலும் இவரைக் கூப்பிட்டுக்கொள்ளவும் முடிந்தது. ஆட்சியாளர்களைக் கிண்டல் செய்த படத்தில் நின்றவரை, 1988-ல் அரசாங்கமே தபால்தலையில் போட்டது. அதே வருடம் தூர்தர்ஷனில் 'வாக்லே கி துனியா' வந்தது. லக்ஷ்மணின் நடுத்தரக் குடும்ப மனிதர் அங்கே வாய் திறந்து பேசினார். 2003-ல் பறக்கத் தொடங்கிய ஏர் டெக்கான், மலிவு டிக்கெட்டுக்கு இவரையே அடையாளமாக்கியது. கியூவில் நின்றே பழகியவர் விமானம் ஏறிவிட்டார்!

'உன்னைப்போல் ஒருவன்' (2009) படத்தில் கமல் நடித்த பெயரில்லாத மனிதரும் சாமானியன்தான். ஆனால் அவர் வெடிகுண்டு வைத்துவிட்டுப் பக்கம் பக்கமாகப் பேசினார். லக்ஷ்மணின் ஆளுக்கு அந்தக் கோபம் இல்லாமல் இல்லை. அவர் அதைப் புருவத்தோடு நிறுத்திக்கொண்டார். எது அதிகம் சுட்டது என்று கேட்டால், புருவம்தான்.

2001-ல் புனே சிம்பயாசிஸ் வளாகத்தில் இவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். 2015 ஜனவரி 26, குடியரசு தினத்தன்று லக்ஷ்மண் அதே ஊரில் இறந்தார். அஞ்சலிக்காக அவர் உடலை அந்தச் சிலையின் அருகில்தான் வைத்தார்கள்.