அலி மரமும் ஊடுபாலும்

தீக்குச்சிக்கு வயிரம் பாய்ந்த மரம் ஆகாது. சாத்தூர், சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டித் தொழில் மட்டி போன்ற வயிரமற்ற மெது மரங்களை நம்பி வளர்ந்தது. உள்வயிரம் உள்ளது ஆண்மரம், புறவயிரம் உள்ளது பெண்மரம், வயிரமே இல்லாதது அலிமரம் என்பது பழைய நிகண்டு வழக்கு. ஆக, 'அலி' என்றாலே ஏதோ ஒன்று இல்லை என்று பொருள். ஆணா பெண்ணா என்று உடனே சொல்ல முடியாத உடலோடு பிறந்த மனிதர்மீதும் அந்தச் சொல்லையே போட்டோம். பிறகு அதை வசவாகவும் ஆக்கினோம்.

பேடி என்பது இன்னொரு பழஞ்சொல். இத்தகைய பெயர்களைத் தெய்வப் பெயர்களோடு சேர்த்து வைத்து, சொல்லதிகாரக் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே விதி சொல்கிறார் தொல்காப்பியர். தனி ஈறு கிடையாது. உயர்திணைப் பால்களின் ஈறுகளையே ஏற்கும் என்கிறார். அஃறிணையில் தள்ளவில்லை. அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

'திருநங்கை' என்ற சொல் வந்தபின் எல்லோரையும் அதற்குள் அடக்கப் பார்த்தோம். அது மனம் உணரும் பாலினத்தைச் சொல்வது. பிறவி உடலமைப்பு வேறு. எக்ஸ்-ஒய் குரோமோசோம் இருந்து, ஆண் ஹார்மோன் சுரந்தும், செல்கள் அதை ஏற்காவிட்டால் உடல் பெண்ணுடலாகவே வளரும். வயது வந்தும் பெண் பூப்பெய்தாதபோதுதான் பல வீடுகளில் விஷயமே தெரியவரும். சிலருக்கு விளையாட்டுக் களத்தில். புதுக்கோட்டை மாவட்டத்து ஓட்ட வீராங்கனை சாந்தி 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடி வென்ற வெள்ளியைப் பாலினச் சோதனைக்குப் பின் பறித்துக்கொண்டார்கள். ஓடியது அவருடைய கால்கள்தானே!

2022இல் தமிழக அரசு வெளியிட்ட சொற்பட்டியலில் இத்தகைய பிறவி உடலமைப்புகளுக்கு 'ஊடுபால்' என்ற சொல் இடம்பெற்றது. பருத்திக்கிடையே உளுந்து போடும் கரிசல் விவசாயிக்கு ஊடுபயிர் தெரியும். அதே 'ஊடு'தான் இது. இல்லாமையைச் சுட்டாத சொல்.

சொல்லுக்கு முன்பே சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ஊடுபால் குழந்தைகளுக்குப் பால்தேர்வு அறுவை சிகிச்சை கூடாது என்றார். ஆகஸ்டில் அரசாணையும் வந்தது. உயிருக்கு ஆபத்தென்றால் மட்டுமே விலக்கு. அட்ரீனல் கோளாறில் உடல் உப்பை இழக்கும் குழந்தைக்கு உடனே மருந்து வேண்டும், தாமதிக்கக் கூடாது. ஆனால் உறுப்பின் தோற்றத்தை மாற்றக் கத்தி எடுக்க வேண்டியதில்லை. சாத்தூரில் பிறக்கும் குழந்தைக்கும் இந்த ஆணை பொருந்தும். பெற்றோரே, யாராவது அவசரப்படுத்தினால் இதைச் சொல்லுங்கள்.